பீடமும் மன்றும்: ஆபிரிக்க மக்களின் தன்னாட்சி மரபு

ஒரு நாட்டை அயலார் கைப்பற்றுமிடத்து முதலிற் பறிபோவது நிலம். அடுத்துப் பறிபோவது வரலாறு. நிலத்தை இழந்தோர் தம் இழப்பை அறிவர். வரலாற்றை இழந்தோரோ தாம் ஒன்றை இழந்தனர் என்பதையே அறியார். தமக்கு ஒருகாலத்தும் வரலாறு இருந்ததில்லை என்னும் அயலார் கூற்றை நாளடைவில் நம்பத் தலைப்படுவர். ஆபிரிக்கக் கண்டத்து மக்களுக்கு நேர்ந்த இழப்பு இத்தகையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த சேர்மானியத் தத்துவஞானி ஹெகல், வரலாற்றுத் தத்துவம் பற்றிய தம் விரிவுரைகளிலே, சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவை உலக வரலாற்றுக்குப் புறம்பானதென ஒதுக்கினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும் அவ்வெண்ணம் மறையவில்லை. 1963ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போட் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராயிருந்த ஹியூ ட்ரெவர் ரோப்பர், ஆபிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டென்றும் எஞ்சியது இருளேயென்றும் கருத்துப்பட உரைத்தார். அவர் அவ்வாறு உரைத்த காலத்திற் கானா நாடு சுதந்திரம் பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இக்கூற்று ஏட்டளவில் நின்றதன்று. வரலாறு இல்லாதோர்க்கு ஆட்சிமுறையும் இருத்தல் இயலாது. ஆட்சிமுறை அறியாதோர் அதனைப் பிறரிடம் கற்றல் வேண்டும். கற்று முடிந்தனரா என்பதைக் கற்பிப்போரே தீர்மானிப்பர். குடியேற்ற நாட்டாட்சியின் நியாயம் முழுவதும் இம்மூன்று படிகளில் ஏறி நின்றது. ஆதலின் ஆபிரிக்கர் தம்மைத் தாமே எவ்வாறு ஆண்டனர் என ஆராய்தல், அந்நியாயத்தின் முதற்படியையே ஆராய்தலாகும். இக்கண்டத்தில் வாழும் மக்களினங்கள் எண்ணிறந்தன. அவர்தம் ஆட்சிமுறைகளும் பலதிறத்தன. அவற்றுள் அரசனை உடையதொரு நாட்டையும், அரசனே இல்லாததொரு நாட்டையும் ஈண்டு எடுத்து நோக்குவாம்.

அசாந்தியரின் பீடம்

இன்றைய கானா நாட்டின் நடுப்பகுதியில், குமாசி நகரைத் தலைநகராகக் கொண்டு விளங்கியது அசாந்தி அரசு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒசெய் டுட்டு என்னும் தலைவன் பல சிற்றரசுகளை ஒன்றிணைத்து, தம்மை அடக்கி வைத்திருந்த டென்கியிரா அரசினை 1701ஆம் ஆண்டளவில் வென்றான். அவனுக்குத் துணைநின்ற ஒக்கொம்ஃபோ அனொக்கியே என்னும் சமயகுரு வானிலிருந்து ஒரு பொற்பீடத்தை வருவித்தான் என்பது அம்மக்களின் ஐதிகம். அரசன் உட்பட எவரும் அப்பீடத்தில் அமர்வதில்லை. அசாந்தி மக்கள் அனைவரின் உயிரும் அதன்கண் உறைகின்றது என்பது அவர்தம் நம்பிக்கை. நாட்டின் உயிர் அரசனுடைய உடலில் இன்றிப் பொதுப் பொருளொன்றில் உறைவதாகக் கொண்டமையால், அரசன் மாறினும் நாடு மாறாது என்னும் கொள்கை அங்கு வேரூன்றியது.

அரசுரிமை தாய்வழியே செல்வது. எனினும் மூத்தவன் என்னும் காரணத்தால் ஒருவன் தானாகவே அரசனாதல் இல்லை. பீடம் வறிதாகும்போது, உரிமையுடைய குடும்பத்தினருள் தகுந்தவனை ஓஹெமா எனப்படும் அரசன்னை முன்மொழிவாள். குடித்தலைவர்களாகிய முதியோர் அவனை ஆராய்ந்து ஏற்பர் அல்லது மறுப்பர். பட்டமோ பதவியோ இல்லாத பொதுமக்களுக்கும் தம் கருத்தை வெளியிட ஒரு தலைவன் இருந்தான். மக்கள் மறுத்தவனைப் பீடமேற்றுதல் அரிது.

பீடமேற்றும் நாளிலே புதிய தலைவன் சபைமுன் நிற்க, பேச்சாளன் மக்களின் வேண்டுகோள்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பான். பேராசை கொள்ளலாகாது, குடிகளைப் பழித்துரைக்கலாகாது, சொல்வதற்குச் செவிசாய்க்காதிருத்தல் ஆகாது, முதியோரைக் கலவாது தன்னிச்சையாய் ஒன்றைச் செய்யலாகாது என்பன அவற்றுட் சில. இவற்றை ஏற்றுத் தலைவன் சூளுரைப்பான். இவ்வாறு ஆட்சியின் தொடக்கத்திலேயே அரசனுக்கும் குடிகளுக்குமிடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அது எழுத்தில் இல்லை. ஆயினும் ஊரார் அனைவரும் கேட்டிருக்க உரைக்கப்பட்டமையால் எழுத்தினும் வலிது.

உடன்படிக்கையை மீறிய தலைவனுக்கு என்ன நேரும்? அவன்மேற் குற்றஞ்சாட்டி, விசாரித்து, பீடத்தினின்றும் இறக்கும் உரிமை அவனை ஏற்றியோர்க்கே இருந்தது. இவ்வுரிமை வெறும் பேச்சாக இருந்ததில்லை. 1874ஆம் ஆண்டிற் பிரித்தானியப் படை குமாசியை எரித்த பின்னர், அரச கல்லறையிலிருந்த பொன்னை எடுத்தான் என்னுங் குற்றஞ்சாட்டி, அரசன் கொஃபி கரிகரியை அசாந்தியர் பதவிநீக்கினர். அவனுக்குப் பின்வந்த மென்சா பொன்சுவும் 1883ஆம் ஆண்டிற் பீடமிழந்தான். குமாசிக்கு அடங்கிய மம்பொங், ஜுவாபென், பெக்குவாய் முதலிய உறுப்பு நாடுகள் தத்தம் பீடத்தையும் நிலத்தையும் உடையனவாயிருந்தன. அவற்றின் தலைவர்கள் குமாசியிற் கூடிய பேரவையிலே பொதுக் கருமங்கள் ஆராயப்பட்டன.

அரசனில்லா இக்போ நாடு

நைஜர் ஆற்றின் கீழ்ப்பகுதியில், பெரும்பாலும் அதன் கிழக்கே வாழும் இக்போ மக்களின் ஆட்சிமுறை இதற்கு முற்றும் வேறானது. ஒனிட்சா போன்ற சில ஊர்களில் அரசர் இருந்தனரெனினும், மிகப் பெரும்பாலான இக்போ நாட்டிலே அரசனும் இல்லை, தலைநகரும் இல்லை, நிலையான படையும் இல்லை. இக்போவுக்கு அரசனில்லை என்பது அவர்களிடையே வழங்கும் பழமொழி. பல இலட்சம் மக்கள், ஒன்றற்கொன்று அடங்காத பல நூறு ஊர்த்தொகுதிகளாய் வாழ்ந்தனர்.

அவ்வூர்களில் ஒழுங்கு எங்ஙனம் நிலைபெற்றது? அதிகாரம் ஒரு கையிற் குவியாது பல கைகளிற் பகிரப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். ஒரு முன்னோன் வழிவந்த உறவினர் கூட்டத்தின் மூத்தவன், ஒஃபோ எனப்படும் கோலைத் தாங்கி, நீதியின் சின்னமாய் விளங்கினான். சமவயதினர் ஓரணியாகச் சேர்ந்து, வழிகளைத் துப்புரவாக்குதல், சந்தையைக் காத்தல், தீர்ப்புகளை நிறைவேற்றல் முதலிய பணிகளைப் புரிந்தனர். உழைப்பாற் பொருளீட்டிய ஒருவன் ஊரார்க்கு விருந்தளித்து ஓசோ என்னும் பட்டத்தைப் பெறுவான். பட்டம் அவனுக்கு மதிப்பைத் தந்ததேயன்றி, பிறரை ஏவும் உரிமையைத் தந்ததில்லை.

ஊர் முழுவதையும் பற்றிய கருமம் எழுந்தால் ஆடவர் அனைவரும் ஊர்மன்றிற் கூடுவர். பேச விரும்பும் எவனும் பேசலாம். பேச்சு முடிந்தபின் மூத்தோர் சிலர் தனியே சென்று கலந்து மீள்வர். அவருள் நாவன்மை மிக்க ஒருவன் முடிவை உரைப்பான். கூட்டம் அதனை ஆரவாரித்து ஏற்றால் அது சட்டமாகும்; ஏற்காவிடின் மீண்டும் பேச்சு தொடரும்.

பெண்களுக்கும் தனி அவைகள் இருந்தன. ஓர் ஊரிற் பிறந்து வேற்றூரில் மணமுடித்த மகளிர் ஓரவையாகவும், ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்ட மகளிர் மற்றோர் அவையாகவும் கூடினர். மனைவியைத் துன்புறுத்திய ஒருவனையோ, சந்தை ஒழுங்கை மீறிய ஒருவனையோ தண்டிக்க வேண்டின், மகளிர் திரண்டு அவன் வீட்டை வளைத்து, இரவு பகலாக அவனை இகழ்ந்து பாடி ஆடுவர். சிலவேளை அவன் குடிலையும் சிதைப்பர். அவன் பிழையுணர்ந்து திருந்தும்வரை அவர் அகலார். இதனை ஒருவன்மேல் அமர்தல் என இக்போ மொழியில் வழங்குவர். அந்நாட்டில் இது முறைப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட தண்டனை. ஆடவர் அதிற் குறுக்கிடுவதில்லை.

மறைமுக ஆட்சி விளைத்த மாற்றம்

பிரித்தானியர் இவ்விரு நாடுகளையும் எவ்வாறு நடத்தினர் என்பது அடுத்து நோக்கத்தக்கது. அசாந்தி அரசன் முதலாம் பிரெம்பே 1896ஆம் ஆண்டிற் சிறைபிடிக்கப்பட்டு, முதலில் சியெரா லியோனுக்கும் 1900இல் சீஷெல்ஸ் தீவுகளுக்கும் நாடுகடத்தப்பட்டான். 1900ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குமாசிக்கு வந்த தேசாதிபதி ஃபிரெடெரிக் ஹொட்சன், பொற்பீடம் எங்கேயென வினவி, பிரித்தானிய அரசியின் பிரதிநிதியாகிய தாம் அமர்வதற்கு அதனைக் கொணருமாறு கேட்டார். அரசனே அமராத பீடத்தில் அமர ஒருவர் விரும்பியமை அசாந்தியர்க்குப் பெரும் அவமதிப்பாயிற்று. எஜிசு நாட்டின் அரசன்னையாகிய யா அசாந்தேவா தலைமையில் அவர்கள் போர்தொடுத்தனர். போரில் அவர்கள் தோற்றனர். யா அசாந்தேவாவும் சீஷெல்ஸ் தீவுகளுக்குக் கடத்தப்பட்டு 1921இல் அங்கேயே உயிர்நீத்தாள். ஆயினும் பொற்பீடம் பகைவர் கையிற் சிக்கவில்லை. 1924இற் பிரெம்பே தாயகம் மீண்டான். 1935இல் அசாந்தி நாட்டுக் கூட்டமைப்பு மீள நிறுவப்பட்டது.

பீடம் தப்பியது, ஆனால் பீடத்தின் பொருள் மாறியது. பிரித்தானியர் தலைவர்களை ஒழிக்காது, அவர்கள் வாயிலாகவே ஆளும் மறைமுக ஆட்சிமுறையைக் கைக்கொண்டனர். 1914இல் நைஜீரியாவின் வடபகுதியையும் தென்பகுதியையும் இணைத்த லுகார்ட் பிரபு, 1922இல் வெளியிட்ட நூலிலே இம்முறையை விரித்து விளக்கினார். உள்ளூர் மரபைப் பேணுவது போன்று தோன்றிய இம்முறை, மரபின் உயிர்நாடியை அறுத்தது. முன்னர்த் தலைவன் குடிகளுக்கு விடைகூறினான். இப்பொழுது மாவட்ட உத்தியோகத்தருக்கு விடைகூறினான். முன்னர் அவனை ஏற்றியோரே இறக்கவும் வல்லராயினர். இப்பொழுது அரசாங்கத்தின் ஒப்புதலின்றி ஏற்றலும் இறக்கலும் நிறைவுறா. மக்களின் அச்சம் நீங்கியதும் தலைவனிடத்து அடக்கமும் நீங்கியது. ஆபிரிக்கத் தலைவன் பிறவிக் கொடுங்கோலன் என்று பின்னாளிற் கூறியோர், அக்கொடுங்கோன்மையிற் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது என ஆராயாது விட்டனர்.

இக்போ நாட்டில் நேர்ந்தது இதனினும் விபரீதமானது. அங்கே வாயிலாகக் கொள்ளுதற்குத் தலைவனே இல்லை. ஆகவே பிரித்தானியர் தலைவர்களைத் தாமே ஆக்கினர். ஆணைப்பத்திரமும் தொப்பியும் அளித்து, உள்ளூர் நீதிமன்றுகளில் அமர்த்தப்பட்ட இவர்களை ஆணைப்பத்திரத் தலைவர் என வழங்குவர். மன்றிற் கூடிப் பேசி முடிவுகண்ட மக்கள்மேல், எவரும் தெரிந்தெடாத ஒருவன் தீர்ப்புக் கூறுபவனாயும் தொழிலாளரைத் திரட்டுபவனாயும் ஏவப்பட்டான். கையூட்டும் கொடுமையும் பெருகின.

1929ஆம் ஆண்டின் மகளிர் போர்

இம்முறைக்கு இக்போ நாடு அளித்த விடை, உலக வரலாற்றிலே நினைக்கத்தக்கது. 1928இற் கிழக்கு மாகாணங்களில் ஆடவர்மீது முதன்முறையாக நேர்வரி விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிற் பனையெண்ணெய் விலை வீழ்ந்தது; எண்ணெய் வணிகம் பெரும்பாலும் மகளிர் கையில் இருந்தது. இந்நிலையில் 1929 நவம்பர் மாதம் ஒலோகோ என்னும் ஊரில், ஒகுகோ என்னும் ஆணைப்பத்திரத் தலைவனின் ஆள் ஒருவன், எண்ணெய் பிழிந்துகொண்டிருந்த நுவன்யெருவா என்னும் கைம்பெண்ணிடம் வந்து, அவள் வீட்டு ஆடுகளையும் ஆட்களையும் எண்ணிக் கூறுமாறு பணித்தான். மகளிர்மேலும் வரி வரப்போகின்றது என்பதை அவள் உடனே உய்த்துணர்ந்தாள். செய்தி சந்தைதோறும் பரந்தது. பனங்குருத்தோலையை அடையாளமாகக் கொடுத்து மகளிர் ஊருக்கு ஊர் அழைப்பு விடுத்தனர்.

ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஒகுகோவின் இல்லத்தை வளைத்து, அவன்மேல் அமர்ந்தனர். அவனுடைய தொப்பியைக் களையவேண்டும் என்பது அவர் கோரிக்கை. அரசாங்கமும் அவனை நீக்கிச் சிறையிலிட்டது. பின்னர்க் கிளர்ச்சி ஓவெரி, கலபார் மாகாணங்களிற் பரவிற்று. இக்போ மகளிரோடு இபிபியோ மகளிரும் பிறரும் சேர்ந்தனர். உள்ளூர் நீதிமன்றுகள் தாக்கப்பட்டன. திசம்பர் மாதத்திற் படையினரும் பொலிசாரும் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர். ஐம்பதுக்கு மேற்பட்ட மகளிர் மாண்டனர். மகளிர் தம் மரபுப்படி ஒரு தண்டனையை நிறைவேற்றினர். அதிகாரிகள் கண்டதோ ஒரு கலகம். அபாக் கலகம் என்று அரசாங்க ஏடுகள் பெயரிட்ட நிகழ்ச்சியை இக்போ மக்கள் மகளிர் போர் என்றே வழங்குகின்றனர். பெயரிலேயே இருவேறு வரலாறுகள் அடங்கியுள்ளன.

1930இல் விசாரணைக்குழு அமர்ந்தது. தொடர்ந்து இக்போ சமூக அமைப்பு ஆராயப்பட்டு, ஆணைப்பத்திரத் தலைவர் முறை கைவிடப்பட்டது. ஊரார் சார்பில் பலர் சேர்ந்தமரும் நீதிமன்றுகள் அமைக்கப்பட்டன. எழுத்தறியா மகளிர் ஒரு பேரரசின் ஆட்சிமுறையை மாற்றுவித்தனர்.

இந்நிகழ்ச்சிக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்புண்டு. அக்காலத்து நைஜீரியத் தேசாதிபதியாயிருந்த சேர் கிரேம் தொம்சன், 1931இல் இலங்கைத் தேசாதிபதியாக வந்தார். அவ்வாண்டிலேதான் இந்நாட்டில் ஆடவரும் மகளிரும் சர்வசன வாக்குரிமையின்படி முதன்முறையாக வாக்களித்தனர். மகளிரின் குரலை வாக்குச்சீட்டிலே கேட்பதும் கலகமென அடக்குவதும் ஒரே குடியேற்ற நாட்டுக் காரியாலயத்தின் கீழ், ஈராண்டு இடைவெளியில் நிகழ்ந்தன.

மீட்பு முயற்சிகள்

இழந்த வரலாற்றை மீட்கும் பணி சுதந்திரத்துக்குப்பின் தொடங்கியதன்று. இன்றைய கானாவின் கடற்கரைப் பகுதியில் வாழும் ஃபாண்டி மக்கள் 1868இல் ஒரு கூட்டமைப்பை நிறுவி, 1871இல் மன்கெசிம் என்னுமிடத்தில் எழுத்திலமைந்த ஓர் அரசியற்றிட்டத்தை வகுத்தனர். மரபுத் தலைவரையும் கற்றோரையும் ஓரவையில் இணைத்து, பாடசாலைகளும் வீதிகளும் அமைக்க அது வழிசெய்தது. பிரித்தானியர் அதன் தலைவர்களைக் கைதுசெய்தனர்.

அந்நாட்டு முதல் நியாயவாதியாகிய ஜோன் மென்சா சார்பா 1897இல் ஃபாண்டியரின் வழக்கச் சட்டங்களைத் தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டிற் காணிகளை அரசாங்க மேற்பார்வையின்கீழ்க் கொணரும் மசோதா ஒன்று வந்தபோது, சார்பாவும் அவர் நண்பர்களும் பழங்குடி மக்களின் உரிமைப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்து எதிர்த்தனர். காட்டு நிலமாயினும் உரிமையாளனற்ற நிலம் தம் நாட்டில் இல்லை என்பது அவர் வாதம். 1898இல் இலண்டனுக்குத் தூதுக்குழு சென்றது, மசோதா கைவிடப்பட்டது. வழக்கச் சட்டத்தை ஆராய்ந்த புலமையே நிலத்தைக் காத்தது என்பது கருதத்தக்கது. கேஸ்லி ஹேபோட் 1903இல் வெளியிட்ட நூலும் அந்நாட்டு ஆட்சி நிறுவனங்களை விளக்கி, தன்னாட்சிக்கு வாதாடிற்று.

பின்னர்ப் பல்கலைக்கழகங்களில் இப்பணி தொடர்ந்தது. நைஜீரியரான கென்னெத் டிக்கே 1956இல் நைஜர்க் கழிமுகத்தின் வணிகத்தையும் அரசியலையும் பற்றி எழுதிய நூல், ஆபிரிக்கரை வரலாற்றை இயக்குவோராகக் காட்டியது. ஜான் வன்சினா 1961இல் வெளியிட்ட நூல், வாய்மொழி மரபையும் ஏட்டுச் சான்று போன்று நுணுகி ஆராயும் முறையை வகுத்தது. ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டுத் தாபனம் 1964இல் தொடங்கிய ஆபிரிக்கப் பொது வரலாறு எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது.

மரபின் நிறையும் குறையும்

மீட்டெடுத்த மரபைக் குறையற்றதெனப் போற்றுதலும் வரலாறாகாது. அசாந்தியர் அடிமைகளை வைத்திருந்தனர். அடிமை வணிகத்தில் ஈடுபட்டனர். வென்ற நாடுகளிடம் கடுந்திறை கொண்டனர். இக்போ நாட்டில் ஓசு எனப்பட்டோர் தெய்வத்துக்கு ஒப்படைக்கப்பட்டோராகத் தள்ளிவைக்கப்பட்டு, மன்றில் ஏனையோர்க்குச் சமமாக நிற்க இயலாதிருந்தனர். பேசும் உரிமை பரந்திருந்தது. ஆனால் எல்லார்க்கும் பரந்திருக்கவில்லை.

மற்றோர் ஆபத்தும் உண்டு. சுதந்திரத்தின்பின் சில தலைவர்கள், எதிர்க்கட்சி என்பது ஆபிரிக்க மரபன்று எனக் கூறினர். தன்சானியாவின் ஜூலியஸ் நியரேரே, முதியோர் மரநிழலில் அமர்ந்து உடன்பாடு காணும்வரை பேசியமையை எடுத்துக்காட்டி ஒருகட்சி ஆட்சியை நியாயப்படுத்தினார். கானா 1964இலும் தன்சானியா 1965இலும் ஒருகட்சி நாடுகளாயின. மலாவியில் ஹேஸ்டிங்ஸ் பண்டா 1971இல் ஆயுட்கால சனாதிபதியானார். உடன்பாடு காணும்வரை பேசுதல் மரபே. ஆனால், உடன்படாதவன் பேசி முடிக்கும்வரை கேட்டலும், கேளாத தலைவனைப் பீடமிறக்கலும் அம்மரபின் பகுதிகள் அல்லவா? முன்னதை வைத்துப் பின்னிரண்டையும் விடுத்தோர், குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற தலைமையைத்தான் ஏற்றனரேயன்றி, தம் முன்னோர் வழங்கிய தலைமையை அன்று. கானாவின் 1992ஆம் ஆண்டு அரசியற்றிட்டம், பாரம்பரியத் தலைவரை அங்கீகரிக்கவோ அங்கீகாரத்தை நீக்கவோ எவருக்கும் அதிகாரமளிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என விதித்தமை, இவ்வரலாற்றுப் பாடத்தின் பயனெனலாம்.

மரபை வேறுவிதமாகக் கையாண்ட நாடு பொட்சுவானா. அங்குள்ள சுவானா மக்கள், தலைவனின் இல்லத்தருகே கொட்லா எனப்படும் மன்றிற் கூடிப் பொதுக் கருமங்களை ஆராய்வர். ஏனையோர் பேசியபின் இறுதியிலேயே தலைவன் பேசுவான். மக்களாலேயே தலைவன் தலைவனாவான் என்பது அவர்களின் பழமொழி. முன்னாளிற் பெண்களும் அடிப்படுத்தப்பட்ட இனத்தாரும் அம்மன்றின் விவாதங்களுக்குப் புறம்பாயிருந்தனர். 1966இற் சுதந்திரம் பெற்ற அந்நாடு பலகட்சித் தேர்தலைத் தொடர்ந்து நடத்தியதோடு கொட்லாவையும் கைவிடவில்லை. பெண்கள் அம்மன்றிற் பேசலாயினர். 2003இற் பலேத்தே மக்களின் தலைவியாக மொசாடி செபோக்கோ பதவியேற்றார். 2024இல் நடைபெற்ற தேர்தலிலே, சுதந்திரந் தொட்டு ஆண்ட கட்சி தோற்க, ஆட்சி அமைதியாகக் கைமாறிற்று. இதற்குக் காரணங்கள் பல. எனினும் பழைய மன்றின் வாயிலை அகலத் திறந்தமையும் அவற்றுள் ஒன்றெனக் கருத இடமுண்டு.

இவற்றால் விளங்குவது யாதெனின், தன்னாட்சி என்பது ஐரோப்பியர் கப்பலில் வந்திறங்கிய பொருளன்று என்பதாம். அரசனைக் கட்டுப்படுத்தும் வழியை அசாந்தியர் அறிந்திருந்தனர். அரசனின்றி வாழும் வழியை இக்போ மக்கள் அறிந்திருந்தனர். அவர்தம் வரலாற்றை மீட்போர், பழைய முடிகளையும் பீடங்களையும் காட்சிப் பொருளாக்குவதுடன் அமைதல் சாலாது. தலைவனை நோக்கி மக்கள் வினாவெழுப்பிய உரிமையே அவ்வரலாற்றின் கருவூலம். தன் தொப்பிக்கு விடைகூறுமாறு ஒகுகோவை ஒலோகோ மகளிர் பணித்த நாளில், அவ்வுரிமை அந்நாட்டில் அழிந்துபடவில்லை என்பது நிலைநாட்டப்பட்டது.